கொழும்புக்குக் குளிர்முகப்பு வருமா? வாடைக்கால வானிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வரைபடம் சுற்றத் தொடங்கிவிடும். குளிர்முகப்பைக் குறிக்கும் நீலக் கோடு, அதன் ஓரத்தில் சின்னச் சின்ன முக்கோணங்கள், கீழே "கடுங்குளிர் கரையை நெருங்குகிறது, அனைவருக்கும் பகிரவும்" என்று ஒரு வரி. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் குளிர்முகப்பு கொழும்புக்கு எப்போது வந்து சேரும்?

வந்து சேராது. வரைபடம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் வட இந்தியாவையோ, கிழக்காசியாவையோ, சில வேளை அமெரிக்கக் கரையையோ காட்டுகிற உண்மையான படம்தான். ஆனால் கொழும்பு மத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருக்கிறது. முகப்புகள் நடு அகலக்கோடுகளின், அதாவது வெப்பவலயத்துக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளின், சமாச்சாரம். அவற்றின் பின்னால் வரும் காற்று, அதுவும் வழியில் பாதிக் குணத்தை இழந்த பிறகு, நம்மைத் தொடுகிறது. அந்தக் காற்றுக்கு நாம் தயாராக இருந்தால் போதும். வெப்பமானியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, மலைநாட்டில் எவ்வளவு மழை பெய்கிறது என்ற இரண்டும்தான் கொழும்புக்காரர் கவனிக்க வேண்டியவை.

முதலில், குளிர்முகப்பு என்றால் என்ன?

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. வெப்பமான, ஈரமான காற்று இலேசானது. இரண்டு பெரும் காற்றுத் திணிவுகள் சந்திக்கும்போது குளிர்ந்தது அடியில் நுழைந்து வெப்பமானதை மேலே தள்ளும். அந்த எல்லைதான் முகப்பு. மேலே தள்ளப்பட்ட காற்று குளிர்ந்து முகிலாகி, பல சமயம் இடியோடு பெய்யும். முகப்பு கடந்து போனதும் காற்றின் திசை சட்டென்று மாறும், அமுக்கம் ஏறும், வெப்பநிலை விழும், வானம் தெளியும்.

கடலோர நகரத்தில் இது எப்படி இருக்கும் என்று அறிய விரும்பினால் சிட்னியில் இருக்கும் உறவினர் யாரையாவது கேளுங்கள். அங்கே கோடை நாட்களில் தெற்கிலிருந்து முகப்பு கரையோரமாக ஏறி வரும்போது, வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த மாலை சில நிமிடங்களில் 10 பாகைக்கு மேல் இறங்கிவிடுவதுண்டு.

முகப்பு கொண்டுவரும் குளிரைவிட அது செய்யும் காற்றுத் திசை மாற்றம் பயங்கரமானது என்பதற்கு மெல்பேர்ன் ஓர் உதாரணம். 2009 பெப்ரவரி 7 அன்று அங்கே வெப்பநிலை 46.4 பாகை செல்சியஸ். மாலையில் குளிர்முகப்பு வந்தது. வெக்கை தணிந்தது, ஆனால் வடமேற்கிலிருந்து வீசிய காற்று தென்மேற்குக்குத் திரும்பியதால், விக்டோரியா மாநிலக் காட்டுத்தீயின் நீண்ட பக்கவாட்டு விளிம்பு முழுவதும் முன்வரிசையாகிவிட்டது. அந்தத் தீயில் 173 பேர் இறந்தார்கள்.

அது ஏன் நம் கரைவரை வராது?

முகப்பு உயிரோடு இருப்பதே இரண்டு பக்கக் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால்தான். வித்தியாசம் கரைந்தால் முகப்பும் கரைந்துவிடும்.

மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் மேற்கத்தியக் குழப்பங்கள் (மேற்கிலிருந்து வரும் தாழமுக்கங்கள்) குளிர்காலத்தில் பாகிஸ்தான், வட இந்தியா வழியாகக் கிழக்கே நகர்கின்றன. அவை கடந்த பிறகு டெல்லி நடுங்குகிறது, பஞ்சாபில் மூடுபனி. அந்தக் குளிர் காற்றின் ஒரு பகுதி தெற்கே இறங்குகிறது. தக்காணப் பீடபூமியைக் கடக்கும்போதே நிலம் அதைச் சூடாக்குகிறது. பிறகு வங்காள விரிகுடா. அதன் தென்பகுதி நீர் குளிர்காலத்திலும் 27, 28 பாகை அளவில் இருக்கும். அடுப்பில் வைத்த சட்டி மாதிரி அந்தக் கடல் காற்றை அடியிலிருந்து சூடாக்கிக்கொண்டே வரும், கூடவே ஈரத்தையும் ஏற்றும். வடகிழக்குக் கரையை அது தொடும்போது குளிர்முகப்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. காற்று கொஞ்சம் வேகமாக வீசும், அவ்வளவுதான்.

சைபீரியாவின் உயரமுக்கம் (கனத்த குளிர்காற்று தேங்கும் பகுதி) வலுக்கும்போது தென்சீனக் கடல் வழியாகவும் குளிர் காற்றுப் பெருக்கு தெற்கே பாயும். அதன் தாக்கம் மலேசியா, இந்தோனேசியா பக்கம் பலமாக இருக்கும். நமக்கு வருவது சுற்றிவளைத்து வரும் பங்கு.

அப்படியென்றால் ஜனவரி விடியற்காலையில் ஏன் குளிர்கிறது? போர்வை தேவைப்படுகிறதே!

தேவைப்படும். இதில் கற்பனை எதுவும் இல்லை. ஆனால் காரணம் வேறு.

ஜனவரியில் கொழும்பின் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை 22 பாகையை ஒட்டியது. பகல் உச்சம் 31. மேயில் இரவும் பகலும் ஒரே புழுக்கம். ஜனவரியில் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று கிழக்குச் சரிவுகளில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, மத்திய மலைநாட்டைத் தாண்டி, உலர்ந்து நம் பக்கம் இறங்குகிறது. உலர்ந்த காற்றில் முகில் குறைவு. முகில் குறைந்தால் பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் தடையில்லாமல் விண்ணுக்குப் போய்விடும். விடியும் நேரத்தில் கரைக்காற்றும் சேர்ந்துகொள்ள, நிலத்தின் குளிர் கடலோரம்வரை வருகிறது.

நம் உடம்பும் ஒரு காரணம். வருடத்தில் பெரும் பகுதி வியர்வை காயாத ஊரில் வாழ்கிறோம். உலர்ந்த காற்றில் வியர்வை சட்டென்று ஆவியாகும்போது 22 பாகைகூட உறைக்கிறது. மின்விசிறியை ஒரு எண் குறைத்தாலே பாதிக் குளிர் போய்விடும், ஆனால் அதைச் செய்ய நம் வீடுகளில் யாரும் சம்மதிப்பதில்லை.

பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இருப்பவருக்கும் அவிசாவளைப் பக்கம் இருப்பவருக்கும் இந்தக் குளிர் ஒரே அளவில் தெரியாது. கடலுக்கு அருகில் இரவு அதிகம் இறங்காது. உள்ளே போகப் போக விடியற்குளிர் கூடும்.

2022 டிசம்பரில் பாடசாலைகளையே மூடினார்களே, அது குளிர்முகப்பு இல்லையா?

இல்லை. ஆனால் நல்ல கேள்வி. நான் பார்த்தவரை மக்கள் மனத்தில் குளிர்முகப்பு என்ற பயம் வேரூன்றியதே அந்த வாரத்தில்தான்.

வங்காள விரிகுடாவின் தென்மேற்கில் மாண்டஸ் புயல் இருந்தது. நம் பக்க அரைக்கோளத்தில் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும். ஆகவே புயலின் மேற்குப் பக்கத்தில் வடக்கிலிருந்து தெற்கே காற்று இழுபடும். அந்த இழுவையில் இந்தியப் பெருநிலத்துக் காற்று, அதன் புகையோடும் தூசோடும், நேராக இலங்கை மேல் வந்தது. யாழ்ப்பாணத்தில் காற்றின் தரம் மிக மோசமானது. கொழும்பிலும் கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தன. டிசம்பர் 9 அன்று பாடசாலைகள் மூடப்பட்டதற்குக் காரணம் அந்தக் காற்றுத் தரம்.

குளிர் தனிக் கதை. வடக்கிலும் கிழக்கிலும் மழையில் நனைந்து, பலத்த காற்றில் ஒதுங்க இடமில்லாமல் திறந்த வெளியில் நின்ற மாடுகளும் ஆடுகளும் ஆயிரத்துக்கு மேல் செத்தன. வெப்பமானி காட்டிய எண்ணை மட்டும் பார்த்தால் ஐரோப்பியர் சிரிப்பார். நனைந்த உடலும் காற்றும் சேர்ந்தால் வெப்பநாட்டு விலங்கின் உடல்வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது பண்ணைக்காரருக்குத்தான் தெரியும். மாண்டஸ் டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. இங்கே காற்று அதன் பிறகு தெளிந்தது.

நுவரெலியாவில் துகள் உறைபனி விழுகிறதே, கொழும்பில் விழ வாய்ப்புண்டா?

இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும். அதோடு, தெளிந்த இரவில் மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்தால் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. புல்லின் மேல் வெள்ளை பூப்பது அங்கேதான். தேயிலைக் கொழுந்து கருகுவதும் இதனால்தான், ஜனவரி, பெப்ரவரியில் தோட்டத்து ஆட்களின் பெரிய கவலை அது.

வாடைக்காற்று வலுத்தால் கொழும்பில் மழை கூடுமா?

பொதுவாகக் குறையும். வடகீழ் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் (டிசம்பர் முதல் பெப்ரவரி வரை) மழை வாங்குவது மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, மலைநாட்டின் கிழக்குச் சரிவுகள். நாம் மலையின் மறைவில் இருக்கிறோம். கொழும்பில் நவம்பர் மாத சராசரி 400 மி.மீற்றரை ஒட்டி இருக்க, ஜனவரியில் அது 60 மி.மீற்றர் அளவுக்கு விழுந்துவிடும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியபோது பருவமழையின் முழு வேகமும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். மட்டக்களப்பிலிருந்து அம்மா அழைத்து "அங்க வெள்ளமா?" என்று கேட்பார். கொழும்பில் மகன் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பான்.

விதிவிலக்கு உண்டு. தென்மேற்கு வங்காள விரிகுடாவிலோ குமரிக் கடல் பக்கமோ தாழமுக்கம் உருவாகி மெல்ல மேற்கே நகர்ந்தால், மலை மறைவு உதவாது. ஈரக்காற்று தெற்கைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கே வந்துவிடும்.

குளிர் காற்றுப் பெருக்கு வந்தால் புயலும் வருமா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

வலுத்த வடகீழ்க் காற்று மத்திய கோட்டுக்கு அருகே இடை அயன ஒருங்கல் வலயத்தோடு (இரு அரைக்கோளத்துக் காற்றுகளும் வந்து சேரும் பட்டை) மோதும்போது, அங்கே சுழற்சி பிறக்க உதவலாம். அது தாழமுக்கமாக வளர இடமுண்டு. ஆனால் அதே காற்றின் உலர்ந்த பகுதி ஏற்கெனவே இருக்கும் புயலுக்குள் புகுந்தால், முகில்கள் வற்றிப் புயல் மெலியும். மாண்டஸ் கரை தொடும் முன் வலுவிழந்ததும் இப்படித்தான். பெற்றெடுப்பதும் அதே காற்று, நெரிப்பதும் அதே காற்று.

நம் மேற்குக் கரைக்கு எதிர்பாராமல் அடி விழும் காலம் பெரும்பாலும் நவம்பர் கடைசி. 2017 நவம்பர் 29, 30இல் ஒக்கி புயல் நம் தீவின் தெற்கால் சுற்றிக்கொண்டு போனபோது தென்மேற்கில் மரங்கள் சாய்ந்து கூரைகள் பறந்தன, உயிர்களும் போயின. 2025 நவம்பர் 28இல் டித்வா புயல் கிழக்கில் கரை ஏறி, மலைநாட்டில் மண்சரிவுகளையும் நாடு முழுக்க வெள்ளத்தையும் கொண்டுவந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டிலும் குளிர் பேச்சுக்கே வரவில்லை. குளிரைப் பற்றிப் பகிர்ந்துகொண்டிருக்கும் குழுக்கள் அந்த நேரத்தில் மழை அளவைப் பகிர்ந்திருந்தால் பிரயோசனமாக இருந்திருக்கும்.

வெல்லம்பிட்டியில் இருக்கிறோம். கொழும்பில் வெயில் அடித்தால் பயமில்லைதானே?

இருக்கிறது. களனி கங்கை 145 கிலோமீற்றர் நீளம். சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து வரும் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா நீரெல்லாம் சேர்ந்து, ஹங்வெல்ல, கடுவெல தாண்டி முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. மேலே கொட்டிய மழை கீழே வந்து சேர நேரம் எடுக்கும். டித்வாவின்போது புயல் தீவை விட்டு வடக்கே நகர்ந்த பிறகுதான் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல பக்கம் ஆறு உச்சத்துக்கு ஏறியது. வானம் வெளுத்துவிட்டது என்று மேலே ஏற்றிய சாமான்களைக் கீழே இறக்கியவர்களுக்கு அது இரட்டை வேலை.

ஆகவே உங்கள் தலைக்கு மேலே உள்ள வானத்தைப் பார்க்காதீர்கள், ஆற்றைப் பாருங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று மட்டங்களை வெளியிடுகிறது. கொழும்புக்கு நாகலகம் வீதி நீர்மானிதான் கணக்கு: 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். அதற்கு முன், ஆற்றின் மேற்பக்கம் உள்ள கிதுல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல அளவுகள் ஏறுகின்றனவா என்று பார்த்தால் உங்களுக்குச் சில மணி நேரம் கையில் கிடைக்கும். மண்சரிவு எச்சரிக்கை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நகருக்குள் தேங்கும் நீர் வேறு விதம். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்ற வளாகமே நீரில் நின்றது. அது ஆறு பெருகி வந்த வெள்ளமன்று, வடிகால் கொள்ளாத மழை.

கடல் எப்படி இருக்கும்? கல்கிசையில் குளிக்கலாமா?

மேற்குக் கரைக்கு இதுதான் நல்ல காலம். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலை தணிந்திருக்கும். தென்மேல் பருவத்தில் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய் வாடி போட்டுத் தொழில் செய்த நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் இந்த மாதங்களில் சொந்தக் கரைக்குத் திரும்பியிருப்பார்கள்.

ஆனால் புத்தளத்துக்கு வடக்கே கதை மாறும். பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இரு நிலங்களுக்கு இடையே காற்றைக் குறுக்கித் தள்ளுவதால், வாடை வலுக்கும் நாட்களில் அங்கே கடல் கொந்தளிக்கும். "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாக காங்கேசன்துறை வரை" என்று கடல் அறிவித்தலில் வந்தால், நீர்கொழும்பிலிருந்து வடக்கே போகும் படகுக்காரர் அதைத் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கல்கிசைக்காரர் குளிக்கலாம், உயிர்காப்பாளர் கொடியைப் பார்த்துவிட்டு.

காற்று மாசுக்கு முகக்கவசம் போட வேண்டுமா?

வடகிழக்கிலிருந்து தொடர்ந்து காற்று வந்து, மழையும் இல்லாமல், காலிமுகத் திடலிலிருந்து பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மங்கலாகத் தெரிகிற நாட்களில் ஆஸ்துமாக்காரர் போடுவது நல்லது. இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள், காலை ஓட்டத்தை ஒத்திப்போடுங்கள். எல்லா மாசும் எல்லை தாண்டி வந்தது என்று சொல்லிவிட முடியாது. புறக்கோட்டைப் பேருந்துப் புகை எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை. வாடைக்காலத்து விடியற்காலைகளில் காற்று கலங்காமல் கிடப்பதால் அந்தப் புகையும் தரையோடு தங்கிவிடுகிறது.

வானிலை அறிக்கையை எப்படி வாசிப்பது? ஆப் ஒன்று சொல்கிறது, வானொலி ஒன்று சொல்கிறது.

போனில் உள்ள ஆப்கள் பெரும்பாலும் ஒரு கணினி மாதிரியின் வெளியீட்டை அப்படியே காட்டுகின்றன. வெப்பநிலை, காற்று இரண்டிலும் அவை மோசமில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே பிறக்கும் மாலை இடிமழையில்தான் தடுமாறும். பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் வளிமண்டலவியல் திணைக்களம் மூன்று மொழிகளிலும் முன்னறிவிப்பு தருகிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அதன் மொழி கொஞ்சம் அலுவலக மொழி. "பிரதானமாக சீரான வானிலை" என்றால் துணி காயப் போடலாம். "சில இடங்களில்" என்றால் தெஹிவளையில் கொட்டி வத்தளையில் சொட்டுக்கூட விழாமல் போகலாம். அறிக்கை பொய்த்தது என்று அப்போது திட்டக் கூடாது. "100 மி.மீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை" என்று வந்தால் எழுந்து உட்காருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மி.மீற்றர் என்பது 9,000 லீற்றருக்கு மேல். உங்கள் பீலியும் முன்னால் உள்ள கானும் அதைத் தாங்குமா என்று யோசியுங்கள்.

வட இந்தியாவில் குளிர் அலை என்று செய்தி வந்தால், வாடை வலுப்பதைச் சில நாட்கள் முன்கூட்டியே ஊகிக்கலாம். எத்தனை பாகை குறையும் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே தசமப் புள்ளியோடு சொல்பவர் யூடியூப்பில் மட்டுமே இருக்கிறார்.

ரொறொன்ரோவிலிருந்து தை மாதக் கல்யாணத்துக்கு வருகிறோம். ஜக்கெட் வேண்டுமா?

கொழும்புக்கு வேண்டாம். நுவரெலியா போவதாக இருந்தால் கட்டாயம் வேண்டும். ரயில் குளிரூட்டிய பெட்டிக்கும் ஒன்று இருந்தால் நல்லது, அங்கேதான் உண்மையான குளிர்முகப்பு.

முற்றத்தில் பொங்கல் வைக்கலாமா? வடகம் காயுமா?

இரண்டுக்கும் பெரும்பாலும் ஆம். ஜனவரி நடுவில் கொழும்பில் காலை மழைக்கு வாய்ப்புக் குறைவு. அடுப்பு அணைவது காற்றினால்தான், வடகிழக்குப் பக்கம் ஒரு தகரம் மறைப்பு வையுங்கள். வடகம், மோர்மிளகாய் போட பெப்ரவரி இன்னும் நல்லது.

இந்த வாடை எப்போது ஓயும்?

மார்ச்சில் தளரும். அதன் பிறகு காற்றுக்கு ஒரு திசை இருக்காது; காலையில் சுள்ளென்று வெயில், பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் உள்நாட்டில் கறுத்து, மாலையில் இடியோடு கொட்டும். ஏப்ரல் 5 தொடக்கம் 14 வரையான நாட்களில் இலங்கையின் மேல் சூரியன் உச்சம் கொடுக்கும். அந்த இடைப்பருவத்து மின்னல், டிசம்பர் குளிரைவிட அதிகம் பேரைக் கொல்கிறது. வயலில், மைதானத்தில், தனி மரத்தடியில் நிற்பவர்கள்தான் பெரும்பாலும் அகப்படுவது. இடிச்சத்தம் காதில் விழுகிற தூரத்தில் மின்னலும் விழக்கூடும் என்பதால், மழை தொடங்கும்வரை காத்திருக்காமல் அப்போதே உள்ளே போய்விடுங்கள். தொலைக்காட்சி அன்டெனாவைக் கழற்றுவதானால் இடி கேட்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.